ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கு எந்தக் கேமரா: கைபேசியா, மிரர்லெஸ்ஸா, தனி சூப்பர்ஜூமா?

பழவேற்காடு ஏரியில் பூநாரைக் கூட்டம் கரையிலிருந்து பல நூறு மீட்டர் தள்ளித்தான் நிற்கும். கோடியக்கரை உப்பளத்தில் கொசு உள்ளான்கள் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும்போது வரப்பில் நாலு எட்டு கூடுதலாக வைத்தால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். 600 மி.மீ. லென்ஸுக்கும் எட்டாத இந்தத் தொலைவுக்காகத்தான் பறவை நோக்குபவர்கள் ஸ்பாட்டிங் ஸ்கோப் எனும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியை வாங்குகிறார்கள். வாங்கிய கொஞ்ச நாளிலேயே அடுத்த கேள்வி வருகிறது: கண்ணுக்குத் தெரிவதைப் படமாக்க இதோடு எந்தக் கேமராவைச் சேர்ப்பது?

டிஜிஸ்கோப்பிங் என்று இன்று அழைக்கப்படும் இந்த முறையைப் பரவலாக்கியவர் மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ. 1999இல் நிக்கான் கூல்பிக்ஸ் 950 என்ற சிறு கேமராவை முகப்புக் கண்ணாடி 77 மி.மீ. விட்டமுள்ள லைக்கா ஸ்கோப்பின் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் முனையில்) வைத்து அவர் படம் எடுத்தார். அதைவிடப் பெரிய, விலை கூடிய கேமராக்கள் அன்றும் இருந்தன. ஆனாலும் அந்தச் சின்னக் கேமராதான் ஸ்கோப்போடு ஒத்துப்போனது. அதன் லென்ஸ் சிறியது, ஜூம் செய்தாலும் வெளியே நீளாது. ஸ்கோப்புக்குக் கேமரா தேடும்போது இன்றும் கேமராவின் தரத்தைவிட அதன் லென்ஸின் அளவும் அமைப்பும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

முடிவை முன்பே சொல்லிவிடலாம். 80 மி.மீ. அளவில் ஸ்கோப் வைத்திருப்பவருக்கு, பத்தில் எட்டுப் பேருக்காவது, ஏற்கெனவே கையில் இருக்கும் கைபேசியே போதும். பணத்தை அடாப்டரிலும் ட்ரைபாடிலும் போடுவது நல்லது. படத்தைப் பெரிதாக அச்சிட வேண்டும், காலை மங்கல் வெளிச்சத்திலும் இறகின் விவரம் வேண்டும் என்பவர்களுக்கு மிரர்லெஸ் உடலும் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) ஒரு சிறிய பிரைம் லென்ஸும் (ஜூம் இல்லாதது). ஸ்கோப்பே இல்லாமல், படம் மட்டும்தான் வேண்டும் என்பவர்கள் ஸ்கோப் வாங்கவே வேண்டியதில்லை. கழற்ற முடியாத நீண்ட ஜூம் லென்ஸோடு வரும் சூப்பர்ஜூம் கேமராவே சிக்கனம். பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரைக் கடைசியில் வைக்கலாம்.

எல்லாவற்றையும் முடிவு செய்யும் ஒளிப்பொட்டு

ஸ்கோப்பை வெளிச்சமான வானத்தின் பக்கம் திருப்பிவிட்டு, ஐபீஸை ஒரு அடி தள்ளி நின்று பாருங்கள். கண்ணாடிக்குச் சற்று வெளியே, காற்றில் மிதப்பதுபோல ஒரு சிறிய வெண்பொட்டு தெரியும். ஸ்கோப் வாங்கிய ஒளி முழுவதும் அந்தப் பொட்டு வழியாகத்தான் வெளியேறுகிறது. முகப்புக் கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் பொட்டின் அளவு கிடைக்கும். 80 மி.மீ. ஸ்கோப்பில் 30 மடங்கு வைத்தால் 2.7 மி.மீ.; 60 மடங்கில் 1.3 மி.மீ.

கேமரா லென்ஸுக்கும் ஒளி நுழைய ஒரு வாசல் உண்டு. அந்த வாசல் சரியாக ஒளிப்பொட்டு விழும் இடத்தில் உட்கார வேண்டும். தள்ளிப்போனால் படத்தின் ஓரமெல்லாம் கறுத்து, சாவித்துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பதுபோல நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சும். மிக நெருங்கினால் அவரைக்காய் வடிவில் கருநிழல் படத்தின் மேல் அலையும். கைபேசியில் வாசல் முன்கண்ணாடிக்கு ஒட்டினாற்போலவே இருப்பதால் அதை ஐபீஸிலிருந்து ஒன்றரை, இரண்டு செ.மீ. விலக்கி வைக்க வேண்டும். பெரிய கேமரா லென்ஸ்களில் வாசல் உள்ளே ஆழத்தில் இருக்கிறது. முன்கண்ணாடி ஐபீஸைத் தொடுமளவு போனாலும் வாசல் பொட்டை எட்டுவதில்லை. 24–70 மி.மீ. போன்ற பருமனான ஜூம் லென்ஸ்கள் ஸ்கோப்போடு ஒத்துவராததற்குக் காரணம் இதுதான். விலை உயர்ந்த லென்ஸ் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

அடுத்தது படத்தின் பரப்பு. வழக்கமான 20–60 ஜூம் ஐபீஸ் 20 மடங்கில் 45 டிகிரி அளவுக்குத்தான் விரிந்த காட்சியைத் தரும். 60 மடங்குக்குப் போகப்போக அது 60 டிகிரியைத் தாண்டும். கைபேசியின் முதன்மைக் கேமரா, 35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்கு இணையாகக் கணக்கிட்டால் சுமார் 26 மி.மீ.; மூலைக்கு மூலை 80 டிகிரி பார்க்கும். 45 டிகிரி காட்சியை 80 டிகிரி பார்வையால் எடுத்தால் மீதி இடமெல்லாம் கறுப்பாகத்தானே இருக்கும்? படச்சட்டம் முழுவதும் நிறைய வேண்டுமானால் 45 டிகிரி ஐபீஸுக்கு ஏறத்தாழ 52 மி.மீ., 60 டிகிரி ஐபீஸுக்கு ஏறத்தாழ 37 மி.மீ. இணையான லென்ஸ் தேவை. எந்தக் கேமராவை வாங்குவது என்று யோசிக்கும்போது இந்த 37–52 என்ற இடைவெளி நினைவில் இருக்கட்டும்.

மொத்தக் குவியத்தூரம் எளிய பெருக்கல்: ஸ்கோப்பின் மடங்கு × கேமரா லென்ஸின் இணை மி.மீ. 30 × 52 என்றால் 1560 மி.மீ. நூறு மீட்டரில் நிற்கும், ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ள மஞ்சள் மூக்கு நாரை, இந்த அளவில் சட்டத்தின் உயரத்தில் பாதிக்கும் மேல் நிறைந்துவிடும். அதே தூரத்தில் 13 செ.மீ. கொசு உள்ளான், 4000 பிக்சல் அகலமுள்ள படத்தில் சுமார் 230 பிக்சல்தான். இனம் காண அது போதும். சுவரில் மாட்டப் போதாது. சிறு உள்ளான்களுக்கு எந்தக் கேமராவானாலும் 30, 40 மீட்டருக்குள் பறவை தானாக வந்தாக வேண்டும்.

கைபேசி

கைபேசி இந்த வேலைக்குப் பொருந்துவதற்கு ஒளிக்கணக்கு ஒரு பெரிய காரணம். ஸ்கோப்போடு சேர்ந்த பின் உண்மையான எஃப் எண் (இது குறைந்தால் ஒளி கூடும்) என்பது கேமரா லென்ஸின் நிஜக் குவியத்தூரத்தை ஒளிப்பொட்டின் விட்டத்தால் வகுத்தது. நல்ல கைபேசியின் முதன்மை லென்ஸ் நிஜத்தில் 6.8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 80 மி.மீ. ஸ்கோப், 30 மடங்கு: எஃப்/2.5. ஏபிஎஸ்–சி எனும் நடுத்தர அளவு சென்சார் உள்ள கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் வைத்தால் அதே ஸ்கோப்பில் எஃப்/13. நல்ல வெயிலில் கைபேசி ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 50இல் 1/2000 நொடிக்கு அருகில் ஓடும். வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகக் குறையும் அதிகாலையிலும் 1/250 கிடைக்கும். சென்சார் சிறியது என்பதால் தரத்தில் இழப்பு உண்டு. ஆனால் படம் அசைந்து பாழாகாமல் இருப்பதே முதல் வெற்றி.

இரண்டாவது காரணம் வேகம். ஸ்கோப் முதலில் பார்ப்பதற்கான கருவி. பறவைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது சந்தேகமான ஒரு உப்புக்கொத்தி கண்ணில் பட்டால், ஐந்து நொடியில் கைபேசியை மாட்டி, படம் எடுத்து, கழற்றிவிட்டு எண்ணிக்கையைத் தொடர முடிய வேண்டும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. கரையோரப் பறவைகளின் காலில் எழுத்தும் எண்ணும் பொறித்த வண்ணக் கொடிகளைக் காணலாம். பறவை காலை மடக்குவதற்குள் அந்தக் குறியீட்டைப் பிடிக்கக் கைபேசியை விஞ்சிய வழி இல்லை.

கோளாறு வருவது பெரும்பாலும் அடாப்டரில். எல்லாக் கைபேசிக்கும் எல்லா ஐபீஸுக்கும் என்று விற்கப்படும் மலிவான பிளாஸ்டிக் கவ்வி முதல் பத்து நிமிடம் நன்றாக வேலை செய்யும். பிறகு கைபேசியின் எடையில் மெல்லச் சரியும். ஒரு மில்லிமீட்டர் சரிந்தாலே பாதிப் படம் கறுக்கும். இன்றைய கைபேசிகளில் பக்கவாட்டுப் பொத்தான்கள் இருக்கும் இடத்தில் கவ்வியின் தாடை அழுத்தி, திரை அணைந்துகொண்டே இருப்பது இன்னொரு தொல்லை. செலஸ்ட்ரான் நெக்ஸ்ஒய்இசட் போன்ற மூன்று திசைத் திருகு வைத்த அடாப்டர் எந்த ஐபீஸுக்கும் துல்லியமாக உட்காரும், ஆனால் கனம். மாட்ட நேரம் பிடிக்கும். அடிக்கடி ஸ்கோப் மாற்றுபவர்களுக்கும், வானியல் தொலைநோக்கியும் வைத்திருப்பவர்களுக்கும் அது சரி.

பறவைக்கு ஏற்றது, கைபேசிக்கென்றே அளவெடுத்த உறையும் ஐபீஸுக்கென்றே அளவெடுத்த வளையமும் சேர்ந்த வகை. ஃபோன்ஸ்கோப் அப்படித்தான் செய்கிறது. ஸ்வரோவ்ஸ்கி, கோவா போன்ற ஸ்கோப் நிறுவனங்களும் தம் ஐபீஸ்களுக்கு அடாப்டர் தருகின்றன. கைபேசி மாற்றினால் உறை மட்டும் மாற வேண்டும், வளையம் அப்படியே இருக்கும்.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் வீட்டிலேயே செய்யலாம். வெர்னியர் காலிப்பரால் ஐபீஸின் ரப்பர் கண்குழியின் வெளிவிட்டத்தை அளந்து, அதைவிட இரண்டு மூன்று மி.மீ. கூடுதலான உள்விட்டமுள்ள பிவிசி கப்ளிங்கை ஹார்டுவேர் கடையில் வாங்குங்கள். உள்ளே வெல்வெட் துணி ஒட்டினால் இடைவெளி நிரம்பி, இறுக்கமாக வழுக்கிக்கொண்டு ஏறும். கைபேசியின் கெட்டியான பின்னுறை ஒன்றில் முதன்மை லென்ஸ் கப்ளிங்கின் நட்டநடுவில் வருமாறு வைத்து எபாக்ஸியால் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் கைபேசியை உறைக்குள் போட்டு, ஸ்கோப்பில் மாட்டி, திரையில் வட்டம் நடுவில் வருகிறதா என்று பார்த்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கப்ளிங்கின் நீளத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்துக் குறைத்தால், எந்த ஆழத்தில் வட்டம் மிகப் பெரிதாகவும் ஓரம் கூர்மையாகவும் தெரிகிறதோ அதுதான் சரியான தூரம். உட்புறத்துக்கு மங்கலான கறுப்பு வண்ணம் அடிக்காவிட்டால் பக்கவாட்டு வெயில் பிவிசியில் பட்டுப் படம் வெளிறும்.

மூக்குக்கண்ணாடி அணியாதவர்போலக் கண்குழியை வெளியே இழுத்து வைப்பதுதான் கைபேசிக்குப் பெரும்பாலும் சரியான தூரம். கண்குழியை உள்ளே திருகி வைத்துவிட்டு கருநிழல் அலைகிறது என்று அடாப்டரைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

அமைப்புகளில் கவனிக்க வேண்டியது, பல லென்ஸ் உள்ள கைபேசி தானாக லென்ஸ் மாற்றுவது. அருகில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து அல்ட்ராவைடுக்குத் தாவும். அந்த லென்ஸின் முன்னால் ஸ்கோப் இல்லாததால் திரை கறுத்துவிடும். ஐபோன் ப்ரோ வகைகளில் மேக்ரோ கன்ட்ரோலை அமைப்புகளில் இயக்கிவிட்டால் மேக்ரோவைத் திரையிலேயே அணைக்க முடியும். ஆண்ட்ராய்டில் ப்ரோ பயன்முறை, லென்ஸைப் பூட்டிவைக்கும். இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் கறுப்பு ஓரம் போய்விடும். 48 மெகாபிக்சல் சென்சார் உள்ள பல கைபேசிகளில் அது சென்சாரின் நடுப்பகுதியையே வெட்டித் தருவதால் தரம் அதிகம் குறையாது. மூன்று, ஐந்து மடங்குப் பொத்தான் தனி டெலிஃபோட்டோ லென்ஸுக்குத் தாவும். அடாப்டர் அதன் மேல் இல்லாததால் பயனில்லை.

ஃபோகஸை ஸ்கோப்பின் சக்கரத்தால்தான் செய்ய வேண்டும். முதலில் திரையில் பறவையை நீண்ட நேரம் அழுத்தி ஃபோகஸையும் ஒளியையும் பூட்டுங்கள். பிறகு ஸ்கோப் சக்கரத்தைத் திருப்பி, கண்ணோ அலகோ கூர்மையாகும்வரை சரிசெய்யுங்கள். பூட்டாவிட்டால் கைபேசி ஒரு பக்கமும் உங்கள் விரல் ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டே இருக்கும். கொக்கு, நாரை போன்ற வெண்பறவைகளுக்கு ஒளியை இரண்டு மூன்று படி கீழே இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் முதுகு இறகெல்லாம் வெறும் வெள்ளைத் தாளாகும். திரையைத் தொட்டுப் படம் எடுத்தால் ஸ்கோப் அதிரும். சின்ன ப்ளூடூத் ரிமோட்டோ, கம்பி இயர்போனின் ஒலிப் பொத்தானோ, இரண்டு மூன்று நொடி டைமரோ பயன்படுத்தலாம்.

படத்தைவிட வீடியோ பல சமயம் நல்ல பலன் தரும். 4கே வீடியோவின் ஒவ்வொரு சட்டமும் எட்டு மெகாபிக்சல். நொடிக்கு முப்பது சட்டம். வெப்ப அலையில் பறவை நெளிந்துகொண்டிருக்கும்போது அதில் ஒன்றிரண்டு சட்டங்கள் மட்டும் தெளிவாக விழும். அவற்றைப் பிரித்தெடுத்துக்கொள்ளலாம்.

கைபேசியின் பெரிய குறை அதன் மென்பொருள். மங்கல் வெளிச்சத்தில் இரைச்சலைத் துடைக்கும்போது இறகின் நுண்கோடுகளையும் சேர்த்துத் துடைத்து, ஓரங்களைச் செயற்கையாகக் கூர்தீட்டும். உள்ளான்களில் முதுகு இறகின் விளிம்பு நிறம்தான் இனத்தைப் பிரிக்கும். அங்கே இந்தத் துடைப்பு நேரடியாக இடையூறு. மென்பொருள் கைவைக்காத ரா வடிவில் சேமித்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

கையடக்கக் கேமரா

இதைச் சீக்கிரம் கடந்துவிடலாம். மூன்று நான்கு மடங்கு ஜூம் மட்டுமே உள்ள, ஒரு அங்குல சென்சார் வகைக் கேமராக்கள் பத்தாண்டுக்கு முன் இந்த வேலையின் அரசர்கள். இன்று புதிதாக வருபவை மிகக் குறைவு. பழையது கையில் இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்கென்று வாங்க வேண்டாம். பத்து மடங்குக்கு மேல் ஜூம் உள்ள எந்தக் கையடக்கக் கேமராவும் ஐபீஸின் முன்னால் கறுப்பு வட்டத்தைத்தான் தரும்.

மிரர்லெஸ்ஸும் சிறிய பிரைமும்

பெரிய சென்சார் தரும் இறகு விவரம் வேண்டுமென்றால் இதுதான் வழி. நிபந்தனைகள் கறாரானவை. லென்ஸ் குட்டையாக இருக்க வேண்டும்; முன்கண்ணாடி சிறியதாக, ஃபில்டர் மரை 37 முதல் 52 மி.மீ.க்குள், இணைக் குவியத்தூரம் மேலே சொன்ன 37–52க்குள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் (ஏபிஎஸ்–சியைவிடச் சற்றுச் சிறிய சென்சார் வகை) பேனசோனிக் 20 மி.மீ. எஃப்/1.7 (46 மி.மீ. மரை) இந்த நிபந்தனை எல்லாவற்றுக்கும் பொருந்தும்; 35 மி.மீ. கணக்கில் 40. 80 மி.மீ. ஸ்கோப், 30 மடங்கில் இது 1200 மி.மீ., எஃப்/7.5. ஏபிஎஸ்–சியில் 35 மி.மீ. லென்ஸ் என்றால் 1575 மி.மீ., எஃப்/13. கேனான் முழுச்சட்டத்தில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) 40 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் பான்கேக், 52 மி.மீ. மரை, 130 கிராம் எடை. அடாப்டரோடு ஆர் வகை உடல்களிலும் ஓடும்.

இணைப்புக்கு ஸ்கோப்பின் ஐபீஸைச் சுற்றி உட்காரும் குழல் ஒன்று. அதன் மறுமுனையில் லென்ஸின் ஃபில்டர் மரையில் திருகும் வளையம். கண்குழியை முழுக்க உள்ளே திருகி, லென்ஸை ஐபீஸுக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள்; ஆனால் கண்ணாடிகள் உரசக் கூடாது. ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி நீளும் லென்ஸ் என்றால் இந்த இடைவெளியை நீண்ட நிலையில் அளக்க வேண்டும்.

அபெர்ச்சரை முழுக்கத் திறந்தே வைத்திருங்கள். மூடினால் கூர்மை கூடும் என்ற வழக்கமான பாடம் இங்கே எடுபடாது. ஒளியைக் கட்டுப்படுத்துவது ஸ்கோப்பின் பொட்டு, லென்ஸின் இதழ்கள் அல்ல. மூடும்போது ஓரங்கள் கறுப்பதுதான் மிச்சம். லென்ஸை மேனுவல் ஃபோகஸில் முடிவிலியில் வைத்துவிட்டு, திரையில் பறவையின் கண்ணைப் பெரிதாக்கி ஸ்கோப் சக்கரத்தால் கூர்மை பிடிக்க வேண்டும். கூர்மையான ஓரங்களை நிறமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் உதவும் என்றாலும் வெப்ப அலையில் அது எங்கும் மினுங்கும். பெரிதாக்கிப் பார்ப்பதே நம்பகமானது. எலக்ட்ரானிக் ஷட்டர் அதிர்வைத் தவிர்க்கும். தலையை வேகமாக ஆட்டும் பறவையின் அலகு அதில் வளைந்து தெரியலாம். அப்போது எலக்ட்ரானிக் முதல் திரை ஷட்டருக்கு மாறுங்கள்.

வெளிச்சம்தான் இதன் விலை. ஏபிஎஸ்–சி, எஃப்/13, ஐஎஸ்ஓ 800: நல்ல வெயிலில் 1/1200. அதிகாலையில், வெளிச்சம் எட்டில் ஒரு பங்கு என்றால், 1/150. அதே காலையில் ஆசைப்பட்டு ஜூமை 60 மடங்குக்குத் திருப்பினால் எஃப்/26. 1/40க்கும் கீழே இறங்கும். உட்கார்ந்திருக்கும் நாரைக்கே 1/250 இருந்தால் நல்லது. எனவே 20 முதல் 30 மடங்குக்குள் இருங்கள், ஐஎஸ்ஓவைக் கூட்டத் தயங்காதீர்கள். 65 மி.மீ. ஸ்கோப் என்றால் 30 மடங்கில் எஃப்/16 ஆகிவிடும். அந்த அளவு ஸ்கோப்புக்கு ஏபிஎஸ்–சி கேமராவைப் பரிந்துரைக்க முடியாது, கைபேசியே மேல்.

லென்ஸ் இல்லாமல் நேராகப் பொருத்துவது

சில ஸ்கோப் நிறுவனங்கள் கேமரா உடலை நேரடியாக இணைக்கத் தனி அடாப்டர் விற்கின்றன. ஸ்வரோவ்ஸ்கியின் டிஎல்எஸ் ஏபிஓ, ஐபீஸின் மேலேயே உட்காரும், 30 மி.மீ. வகையை 85 மி.மீ. முகப்பும் 25–60 மடங்கும் உள்ள ஏடிஎக்ஸ் ஸ்கோப்பில் வைத்தால் 750 முதல் 1800 மி.மீ. வரை, எஃப்/9 முதல் எஃப்/21 வரை. அடாப்டரின் கண்ணாடி அந்த ஐபீஸுக்கென்றே வடிவமைக்கப்பட்டதால் ஓரக் கறுப்பும் நிறப்பிசிறும் மிகக் குறைவு. ஒளியியல் தரத்தில் இந்தக் கட்டுரையின் மற்ற எல்லா இணைப்பையும்விட இது மேல். விலையும் அப்படியே, ஸ்கோப் மாறினால் அடாப்டர் வீண். அந்த வகை ஸ்கோப்பை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

சற்று விலை குறைந்த ஸ்கோப்கள் சிலவற்றில் ஐபீஸின் கண்குழியைக் கழற்றினால் டி மரை (42 மி.மீ., 0.75 பிட்ச்) தெரியும். உங்கள் கேமராவுக்கான டி வளையத்தை அதில் திருகினால் போதும், செலவு குறைவு. நடுப்பகுதி சுமாராகவும் ஓரங்கள் மங்கலாகவும் வரும். டிஎஸ்எல்ஆரை இப்படி மாட்டும்போது உள்ளிருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி மேலெழும் உதறல் 1000 மி.மீ. குவியத்தூரத்தில் படத்தை நேரடியாகக் குலைக்கும். லைவ் வியூவும் ரிமோட்டும் இல்லாமல் முயல வேண்டாம். உடலின் எடை முழுவதும் ஐபீஸ் மரையில் தொங்குவது ஸ்கோப்புக்கும் நல்லதல்ல.

ஸ்கோப்பே வேண்டாம் என்றால்

நிக்கான் பி1000, 24 முதல் 3000 மி.மீ. வரை, 3000இல் எஃப்/8, எடை 1.4 கிலோ. பி950 என்றால் 2000 மி.மீ., ஒரு கிலோ. தானியங்கி ஃபோகஸ், அதிர்வுத் தடுப்பு, பறவை எழும்பினால் பின்தொடரும் வசதி என்று ஸ்கோப் இணைப்பு எதிலும் கிடைக்காதவை இதில் உண்டு. பள்ளிக்கரணையில் சாலையோரமாக நின்று எடுக்க, வேடந்தாங்கல் கரையில் நடந்துகொண்டே எடுக்க, இதுவே வசதி. மொத்தச் செலவும் நல்ல ஸ்கோப், அடாப்டர், ட்ரைபாட் மூன்றையும்விடக் குறைவு.

ஆனால் சூப்பர்ஜூமின் சின்ன மின்திரையில் இரண்டு மணி நேரம் உள்ளான்களை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஸ்கோப்பில் முடியும். எனவே முதன்மை வேலை பார்ப்பதா படமெடுப்பதா என்பதை நேர்மையாகக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். கணக்கெடுப்பில் கலந்துகொள்பவர், நீர்ப்பறவைகளில் ஆழமாக இறங்க நினைப்பவர், ஸ்கோப்பும் கைபேசியும். மரக்கிளையில் மறையும் பறவைகளைத் தேடிக் காட்டில் நடப்பவருக்கும் பறக்கும் பறவையை விரும்புபவருக்கும் ஸ்கோப் இணைப்பு ஏமாற்றத்தையே தரும்.

ஸ்கோப்பிலும் ட்ரைபாடிலும் பார்க்க வேண்டியவை

நிறப்பிசிறைக் குறைக்கும் ஈடி அல்லது ஃப்ளோரைட் கண்ணாடி இல்லாத ஸ்கோப்பில், கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கோடு படத்தில் வெண்கொக்கின் கழுத்தோரம் பளிச்சென்று விழும். கேமராவுக்காக எனில் ஈடிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும். ஜூம் இல்லாத 30 மடங்கு விரிகோண ஐபீஸ் கிடைத்தால் ஜூம் ஐபீஸைவிட அது நல்லது: காட்சி அகலம், கண்ணை ஐபீஸிலிருந்து விலக்கி வைக்கக்கூடிய தூரமும் அதிகம். சாய்ந்த ஐபீஸ் உயரம் மாறுபட்ட பலர் பார்க்க வசதி; நேர் ஐபீஸில் பறவையைச் சட்டென்று தேடிப் பிடிக்கலாம், கேமராவின் எடையும் நேர்கோட்டில் இருக்கும்.

80 மி.மீ. ஸ்கோப்பே இரண்டு கிலோவை ஒட்டி இருக்கும். கேமரா பின்னால் ஏறியதும் எடைமையம் பின்னே சாய்ந்து, தலையின் திருகை விட்டவுடன் ஸ்கோப்பின் மூக்கு மேலே எழும்பும். ட்ரைபாட் தலைக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே நீண்ட தண்டுத் தகடு ஒன்றைப் போட்டு, கேமராவோடு சேர்த்து ஸ்கோப்பை முன்னே நகர்த்திச் சமநிலை காணுங்கள். பந்துத் தலை வேண்டாம். வீடியோவுக்கான திரவத் தலை எந்த இடத்தில் நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும். நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களைக் கீழே விரித்து, உட்கார்ந்து எடுங்கள். பையை நடுவில் தொங்கவிட்டால் கடற்காற்றுக்கு ஈடுகொடுக்கும், ஆனால் பை காற்றில் ஆடாமல் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் படம் மென்மையாக வருகிறதென்றால் காரணம் காற்று. தூத்துக்குடி, கோடியக்கரை உப்பளங்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் தரை சூடேறி, நூறு மீட்டருக்கு அப்பால் எல்லாம் நெளியும். எந்த விலைக் கேமராவாலும் அதைத் திருத்த முடியாது. விடிந்த முதல் இரண்டு மணி நேரம், மழை விட்ட மறுநாள், மேகமூட்டம் ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். ஈரச் சேற்றின் மேலாகப் பார்ப்பது காய்ந்த மணலின் மேலாகப் பார்ப்பதைவிட மேல். ஏசி காரிலிருந்து இறக்கிய ஸ்கோப்பில் கடற்கரை ஈரம் படியும், உள்ளிருக்கும் காற்று வெளி வெப்பத்துக்கு வரும்வரை படமும் மங்கும். பத்து இருபது நிமிடம் பொறுங்கள். திரும்பிய பின் உப்புப் படிந்த வெளிப்பகுதியை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, அடாப்டரைக் கழற்றி, சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வையுங்கள். அடாப்டரை ஐபீஸிலேயே விட்டுவைத்தால் இடையில் சிக்கிய ஈரம் பூஞ்சணத்துக்கு வழி.

கடைக்குப் போகும்போது கைபேசியை உறையோடு கொண்டுபோங்கள். ஐபீஸின் வெளிவிட்டத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஜூம் வளையத்தைத் திருப்பும்போது கண்குழியும் கூடவே சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால், அதைக் கவ்வும் அடாப்டரில் ஒவ்வொரு ஜூமுக்கும் கைபேசியும் சாயும். அப்படிப்பட்ட ஸ்கோப்புக்கு ஐபீஸின் அசையாத அடிப்பகுதியைப் பிடிக்கும் அடாப்டர் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.